பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டியவர், பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றது ஏன்?

ஏழாலை மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கலைப்பிரிவில படிக்கிறன். அரசியல் விஞ்ஞானம், வரலாறு, தமிழ். வாற நவம்பர் 26 சேர் பொன். இராமநாதன்ர நினைவு நாள். எங்கட சனசமூக நிலையத்தில பேச்சுப் போட்டி வைக்கினம். "சேர் பொன். இராமநாதனின் அரசியல் வாழ்வு" எண்டு தலைப்பு, 7 நிமிசம்.

நான் முதல் எழுதினது சுகமாய் வந்திட்டுது. 1851 இல பிறப்பு, 1879 இல சட்டநிரூபண சபை (அந்தக் காலத்துச் சட்டம் இயற்றிற சபை), பேந்து சொலிசிட்டர் ஜெனரல், 1911 தேர்தல், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில மறியலில கிடந்த சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினது, 1913 இல பெண்பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரி, 1921 இல பரமேஸ்வராக் கல்லூரி. எல்லாம் பாடமாக்கியும் போட்டன்.

பேந்துதான் பொது நூலகத்தில ஒரு புத்தகம் எடுத்து வாசிச்சன். இலங்கையின்ர அரசியல் அமைப்பை மாத்த பிரிட்டன் அனுப்பின டொனமூர் ஆணைக்குழு வந்த நேரம் எல்லாருக்கும் வாக்குரிமை குடுக்கிறதை அவர் எதிர்த்தவராம். பெண்களுக்கும், வேளாளர் இல்லாத சாதி ஆக்களுக்கும் வாக்குப் போகக்கூடாது எண்ட பக்கத்தில நிண்டவராம். ஒரு நாள் முழுக்க எனக்கு ஒண்டும் ஓடேல்ல. நான் ஒவ்வொரு நாளும் ரியூசனுக்குப் போற பஸ் மருதனார்மடத்தில இராமநாதன் கல்லூரி மதிலைத் தாண்டித்தான் போகுது. வெள்ளைச் சீருடையில பிள்ளைகள் இறங்கிறதைப் பார்த்துக்கொண்டு போறனான். அந்தப் பிள்ளைகளுக்காக அவ்வளவு பெரிய கட்டடம் கட்டின மனுசன், அதே பிள்ளைகள் வளர்ந்து ஒரு வாக்குப் போடக்கூடாது எண்டு எப்பிடி நினைச்சிருப்பார்?

மாமா சொல்லுறார், "நினைவு நாள் மேடையில உதைக் கதையாத, நல்லதை மட்டும் சொல்லிப்போட்டு இறங்கு" எண்டு. எனக்கு அப்பிடி இறங்க மனமில்லை. அதுக்காக அவரைத் திட்டிப் பேசவும் விருப்பமில்லை. தெரிஞ்ச ஆக்கள் ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

கொக்குவிலான்:

தங்கச்சி, உங்கட மாமா சொன்னதில நியாயம் இருக்கு. அந்தக் காலத்து மனுசரை இந்தக் காலத்துத் தராசில நிறுக்கக்கூடாது.

1915 ஐ நினைச்சுப் பாருங்கோ. இராணுவச் சட்டம் போட்டு ஊரெல்லாம் நடுங்கிக் கிடந்த நேரம். ஹென்றி பெட்ரிஸ் எண்ட பெடியனைச் சுட்டுக் கொன்று போட்டாங்கள். சேனநாயக்க சகோதரர்மார், டி. பி. ஜயதிலக்க எல்லாரும் மறியலில, சிறையில. அந்த நேரம் சபையில எழும்பி ஆளுநரின்ர ஆட்சி செய்தது பிழை எண்டு சொல்ல ஒரு தமிழன்தான் இருந்தவர். லண்டனுக்குப் போய் நியாயம் கேட்டார், 1916 இல அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். திரும்பி வந்து கொழும்பில இறங்கேக்க குதிரையை அவிட்டுவிட்டுச் சிங்கள இளைஞர்மாரே வண்டியை இழுத்துக்கொண்டு போனவை. அப்ப அவருக்கு வயசு 60 தாண்டியிருந்தது.

வாக்குரிமையைப் பற்றிச் சொல்லுறீங்கள். அந்தக் காலத்தில படிச்ச பெரிய மனுசர் எல்லாருமே அப்பிடித்தான் நினைச்சவை. இலங்கைத் தேசிய காங்கிரசும் எல்லாருக்கும் வாக்குக் கேட்கேல்ல. இங்கிலாந்தில கூட 21 வயசுப் பெண்ணுக்கு ஆம்பிளையோட சமமாய் வாக்குக் கிடைச்சது 1928 இலதான். அவரை மட்டும் பிடிச்சுக் குற்றம் சொல்ல ஏலாது. அவர் பயந்தது நடந்ததோ இல்லையோ? தலையை எண்ணி ஆட்சியைக் குடுத்தால் தமிழருக்கு என்ன நடக்கும் எண்டு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருந்தது. அதைச் சொல்லி முடியுங்கோ, கைதட்டு விழும்.

ஐந்துசந்தி:

1915 பற்றி எழுதுவோர் ஒரு வரியையாவது எங்களுக்கும் ஒதுக்க வேண்டும். அந்தக் கலவரத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைபட்டது முஸ்லிம்களுடையவை. இராமநாதன் இராணுவச் சட்டத்தின் கொடுமையைக் கேட்டது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடிவாங்கியவர்களின் பக்கம் அவர் குரலில் கேட்கவில்லை என்று எங்கள் பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள்.

அதற்கும் 30 வருடம் முந்தி, 1885 இல், இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே, மதம்தான் வேறு என்று சபையில் வாதிட்டவர் அவர். அந்தக் கட்டுரை 1888 இல் அச்சில் வந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு எழுதினார். நாங்கள் யார் என்பதை எங்களிடம் கேட்காமல் சொன்னதுதான் எங்களுக்கு நோவு. தங்கை கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நினைக்கிறேன். பெண்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் பெண்களிடம் கேட்காமல்தான் அவர் சொன்னார்.

இணுவில் ரீச்சர்:

பிள்ளை, உம்முடைய கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். நான் 31 வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். உமக்கு வந்த சந்தேகம் எனக்கு முதன்முதலில் வந்தது ஓய்வுபெற ஐந்து வருடம் இருக்கும்போதுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

முதலில் அவர் இருந்த கதிரையைப் பாரும். 1833 இல் சட்டநிரூபண சபை அமைந்தபோது உத்தியோகப்பற்றற்ற, அதாவது அரசாங்க அதிகாரி அல்லாத, உறுப்பினர் ஆறு பேர். மூன்று ஐரோப்பியர், ஒரு சிங்களவர், ஒரு பறங்கியர், ஒரு தமிழர். இலங்கையில் இருந்த அத்தனை தமிழருக்கும் ஒரு கதிரை. அதில் யார் இருப்பது என்பதை ஆளுநர் தீர்மானிப்பார். முதலில் அதில் இருந்த தமிழர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், இராமநாதனின் தாயின் தகப்பன். பிறகு தாயின் சகோதரர் சேர் முத்து குமாரசுவாமி. அவர் 1879 இல் காலமானதும் 28 வயதில் இராமநாதன். இவர் 1892 இல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக, அடுத்த வருடம் இவருடைய தமையன் பொன்னம்பலம் குமாரசுவாமி அதே கதிரைக்கு வந்தார். இடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், ஆனாலும் ஒரு காணி உறுதி கைமாறுவதுபோல அந்தக் கதிரை திரும்பத் திரும்ப ஒரே குடும்பத்துக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, மக்களின் பிரதிநிதி என்பவர் மக்கள் தெரிந்தெடுத்த ஆள் என்ற எண்ணம் எப்படி வரும்? குலமும் கல்வியும் உள்ளவன் மற்றவர்களுக்காகப் பேசவேண்டிய கடமை என்றுதான் வரும். அவர் அந்தக் கடமையை மனதார நம்பினார். அதை நான் சந்தேகிக்கவில்லை.

1911 தேர்தலைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். முழு இலங்கைக்கும் படித்த இலங்கையர் சார்பில் ஒரே ஒரு ஆசனம், அதில் ஒரு தமிழர் சிங்கள வாக்குகளோடு வென்றார் என்று. உண்மைதான். ஆனால் அந்த வாக்காளர் தொகை எவ்வளவு தெரியுமா? நாடு முழுவதிலும் மூவாயிரத்துக்கு உட்பட்டது. அவரை எதிர்த்து நின்றவர் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோ, கராவ என்ற சிங்களச் சாதியைச் சேர்ந்தவர். சிங்களவரில் உயர்ந்த சாதி என்று கருதப்பட்ட கொவிகம மேட்டுக்குடியினர் பலர் ஒரு கராவ சிங்களவரைவிட ஒரு வேளாளத் தமிழர் பரவாயில்லை என்று இராமநாதனுக்கு வாக்களித்தார்கள். இன ஒற்றுமையின் வெற்றி என்று நாங்கள் படிப்பித்த அந்தத் தேர்தலுக்குள் சாதியும் இருந்தது. உமது பேச்சில் 1911 வந்தால் இதையும் ஒரு வசனத்தில் சொல்லும்.

1915 பற்றித் தம்பி கொக்குவிலான் எழுதிவிட்டார், ஐந்துசந்தித் தம்பி அதன் மறுபக்கத்தை எழுதிவிட்டார். நான் அதில் கை வைக்கவில்லை.

இனி நீர் கேட்ட இடத்துக்கு வருகிறேன். பெண்களுக்கு ஏன் கல்லூரி கட்டினார்?

என் அம்மா வேலணைப் பக்கம். 1940 களின் கடைசியில் மருதனார்மடத்து விடுதியில் இருந்து படித்தவர். என் அம்மாவின் தகப்பனார் அவரை உடுவிலுக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். உடுவில் மகளிர் பாடசாலை அமெரிக்க மிஷன் 1824 இல் தொடங்கியது. படிப்பு அங்கேதான் திறம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பிள்ளை படிக்கப் போய் வேதக்காரியாக வந்துவிடுவாளோ என்ற பயம் சைவக் குடும்பங்களுக்கு விட்டபாடில்லை. அதனால் எத்தனையோ பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குப் போனார்கள். அந்த இடைவெளியைத்தான் இராமநாதன் 1913 இல் தன் சொந்தப் பணத்தால் நிரப்பினார். விடிய எழும்பிக் குளித்துத் திருநீறு பூசித் தேவாரம் பாடியபிறகு இங்கிலீசும் கணக்கும் படிக்கலாம் என்று ஒரு இடம். அம்மாவுக்கு 80 வயதிலும் பண் பிசகாமல் "மாதர்ப் பிறைக்கண்ணியானை" பாட வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது மருந்துச் சீட்டில் இருந்த ஆங்கிலத்தைத் தானே வாசித்துத் தாதியிடம் கேள்வி கேட்பார். அந்த இரண்டையும் ஒரே பெண்ணின் கையில் கொடுத்தது அந்தக் கல்லூரிதான். எனக்கு அது பெரிய நன்றிக்கடன். அந்த வளவுக்குள் அவருடைய சமாதி இருக்கிறது. அங்கே நான் தலை குனியாமல் வந்ததில்லை.

ஆனால் பிள்ளை, அந்தக் கல்லூரி கட்டப்பட்டது நல்ல சைவக் குடும்பங்களுக்கு நல்ல தாய்மாரை ஆக்கத்தான். பெண் படிக்க வேண்டும், படித்து வீட்டைச் சிறப்பாக நடத்த வேண்டும், சமயத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். சபைக்கும் வாக்குச் சாவடிக்கும் அவள் வரத் தேவையில்லை, அது அவளுடைய இடத்தைக் கெடுக்கும் என்பது அவருடைய எண்ணம். இப்படிப் பார்த்தால் அவர் கல்லூரி கட்டியதும் வாக்கை மறுத்ததும் உமக்கு ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியாது. இரண்டும் ஒரே மனத்தில் இருந்து வந்தவை.

எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளில் பெரியவர் ஒருவர் இருப்பார். எல்லாருக்கும் சோறு போடுவார், படிப்பிப்பார், கலியாணம் செய்து வைப்பார், வருத்தம் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் பெட்டகத் திறப்பு மட்டும் அவருடைய அரைஞாணில் இருந்து இறங்காது. கேட்டால் கோபிப்பார், அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்வார். இராமநாதனை நான் இப்போது அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அவர் தன் கையால் கொடுத்தது எக்கச்சக்கம். மற்றவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் உரிமையை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் ஆணைக்குழு இலங்கையில் வந்து இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் அழைப்பில் காந்தி இங்கே வந்தார். 29 ஆம் திகதி இராமநாதன் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் அவர் பேசினார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். தீண்டாமை பாவம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த மனிதர் அந்த மண்டபத்தில் நிற்கிறார். அதே நாட்களில் கொழும்பில் ஆணைக்குழு சாட்சியம் கேட்கத் தொடங்குகிறது. அந்தக் கல்லூரியை நிறுவியவர் பெண்களுக்கும் வேளாளர் அல்லாதோருக்கும் வாக்கு வேண்டாம் என்ற பக்கத்தில் நிற்கிறார்.

தம்பி கொக்குவிலான், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்கிறீர்கள். நானும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. தேசிய காங்கிரசைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அதே 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அக்னஸ் டி சில்வா அதன் செயலாளர். அதில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்ணும் இருந்தார், 1932 இல் அவர் வடகொழும்பில் வென்று, டொனமூர்த் திட்டத்தில் அமைந்த அரசாங்க சபைக்கே போனார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் சங்கம் எல்லாருக்கும் வாக்குக் கேட்டது. குதிரையை அவிழ்த்து இராமநாதனின் வண்டியை இழுத்த இளைஞர்களில் இந்தக் குணசிங்கவும் ஒருவர். எங்கள் யாழ்ப்பாணத்திலேயே வாலிப காங்கிரசைத் தொடங்கிய ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924 இல் இருந்து சாதி வேண்டாம், சமபந்தி வேண்டும் என்று கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களும் அந்தக் காலத்து மனிதர்தானே. அந்தக் காலத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர் மறுத்தவர்களோடு நின்றார்.

இன்னொன்று. அவர் டொனமூர்த் திட்டத்தை எதிர்த்ததற்கு இரண்டு காரணம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழைக்க வேண்டாம் என்று உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எடுத்துவிட்டு ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்தால் சிறுபான்மை நசுங்கும் என்பது ஒன்று. படியாதவர்களுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது மற்றது. 1929 டிசம்பரில் சபை 19 க்கு 17 என்று அந்தத் திட்டத்தை ஏற்றது. அவர் எதிர்த்தார். 79 வயதில், 1930 இல், லண்டன் வரைக்கும் போய் முறையிட்டார். திரும்பி வந்து அந்த நவம்பரிலேயே கண்ணை மூடினார்.

முதலாவது பயத்துக்குக் காரணம் இருந்தது, பின்னால் வந்த வருடங்கள் அதைக் காட்டின. ஆனால் அது சரியாகப் போனதால் இரண்டாவதும் சரியாகிவிடாது. எங்கள் ஆட்கள் மேடையில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, "தீர்க்கதரிசி" என்று முடித்துவிடுவார்கள். சிங்களப் பெரும்பான்மை எங்களுக்கு உரிமை தரவில்லை என்று அழும் அதே வாயால், எங்களுக்குள்ளேயே பாதிப் பேருக்கு மேல் வாக்கில்லாமல் வைத்திருக்கக் கேட்டதை மூடி மறைக்கிறோம். இதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. 1931 க்கு முந்தி இந்த நாட்டில் வாக்குள்ளவர் நூற்றுக்கு நாலு பேர்தான். அந்த நாலு பேருக்குள் நின்றுகொண்டு மிச்சத் தொண்ணூற்றாறு பேருக்கும் நானே பேசுகிறேன் என்றால், அந்தத் தொண்ணூற்றாறு பேர் என்ன சொல்ல நினைத்தார்கள் என்பது எப்படித் தெரியும்?

கடைசியாக ஒன்று, இது என்னுடையது. ஓய்வுபெற ஐந்து வருடம் இருக்கும்போது பதினோராம் வகுப்பில் டொனமூர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் "சர்வசன வாக்குரிமை, 21 வயது" என்று எழுதி, தமிழ்த் தலைவர்கள் திட்டத்தை எதிர்த்தார்கள், காரணம் சிறுபான்மைப் பாதுகாப்பு என்று சொல்லி முடித்தேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், அப்ப எங்கட ஆக்களுக்கு வாக்கு வேணும் எண்டு ஆர் கேட்டவை?" என்றான். அவன் எந்தப் பகுதியில் இருந்து வாறவன் என்று வகுப்புக்கே தெரியும். எனக்கு மறுமொழி தெரியாது. தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். "அது பாடத்திட்டத்தில இல்லை, இரும்" என்றேன். அவன் இருந்தான். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்குப் பின்னேரம்தான் முதன்முதல் இந்த விசயங்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. இதை வாசித்தால், ரீச்சர் பிழை விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

வடமராட்சிப் பேரன்:

ரீச்சர், நான் அந்தப் பெடியன் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாங்கு எனக்குத் தெரியும்.

என்ர அப்பாச்சி 1912 இல பிறந்தவ. பள்ளிக்கூடம் போனது ஒண்டரை வருசம். ஊர்ப் பள்ளிக்கூடம், பேர் சொல்ல விரும்பேல்ல. மற்றப் பிள்ளைகள் வாங்கில இருக்க இவையள் நிலத்தில. மழை நேரம் சாணி மெழுகின நிலம் ஊறி, பாவாடை பின்பக்கம் ஈரமாகிப்போகுமாம். வீட்டை வரேக்க அதைக் கையால மறைச்சுக்கொண்டு வாறதாம். அதுதான் அவ படிப்பை விட்டதுக்குக் காரணம். பாடம் கஷ்டமெண்டு இல்லை, அந்த ஈரப் பாவாடை. 1930 அளவில எல்லாப் பிள்ளைகளும் சமமாய் வாங்கில இருக்கவேணும் எண்டு சட்டம் வந்த நேரம் குடாநாட்டில சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினவை. அப்ப அப்பாச்சிக்கு 18 வயசு, கலியாணம் முடிஞ்சுது.

வாக்கைப் பற்றி அவ சொன்னதை எழுதுறன். 1931 தேர்தலில யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் வாக்குப் போடேல்ல. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரேல்ல எண்டு வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிச்சது, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை நாலு தொகுதிக்கும் நியமனப் பத்திரமே விழேல்ல. நல்ல மனசோட செய்ததுதான். ஆனால் எங்கட சனத்துக்கு முதன்முதல் கிடைச்ச வாக்கு மூண்டு வருசம் பிந்திப் போச்சு. 1934 இல இடைத்தேர்தல் வந்தபிறகுதான் அப்பாச்சி போட்டவ. பருத்தித்துறைத் தொகுதி, ஜீ. ஜீ. பொன்னம்பலம் வெண்ட தேர்தல்.

அந்த நாளில சின்னம் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிறப் பெட்டி. எழுத்து வாசிக்கத் தெரியாத சனமும் போடவேணும் எண்டு செய்த ஏற்பாடு. மறைப்புக்குப் பின்னால போய், தனக்குப் பிடிச்ச நிறத்துப் பெட்டியில கடதாசியைப் போட்டிட்டு வாறது. படியாத ஆளுக்கு வாக்குக் குடுத்து என்ன பிரயோசனம் எண்டு கேட்டவைக்கு அந்தப் பெட்டிகள்தான் மறுமொழி எண்டு நான் நினைக்கிறனான்.

அப்பாச்சி வெளியில வரிசையில நிண்டபோது முன்னுக்கு நிண்ட ஆக்கள் விலத்தி, ஒரு கை தூரம் விட்டுத்தான் நிண்டவையாம். வெயில். இடுப்பில பிள்ளை, அது என்ர பெரியப்பா. உள்ள போனதைப் பற்றி அவ ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்லுவா, ஒரே மாதிரித்தான் சொல்லுவா: "மறைப்புக்குள்ள நான் மட்டும்தான் மோனை நிண்டனான். தள்ளி நில் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா நிண்டிட்டுத்தான் போட்டனான்." ஏன் சும்மா நிண்டனீங்கள் எண்டு சின்னனில நான் கேட்டனான். "பிறகு எப்ப அப்பிடி நிக்கக் கிடைக்குமோ தெரியாதே" எண்டா.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் இராமநாதன் வேண்டாமெண்டவர். அவர் கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லேல்ல. அவர் கட்டின பரமேஸ்வராக் கல்லூரி வளவிலதான் 1974 இல பல்கலைக்கழகம் வந்தது. அப்பாச்சியின்ர பேத்தி, என்ர தங்கச்சி, அங்க படிச்சுப் பட்டம் எடுத்தவ. பட்டமளிப்பண்டைக்கு அந்த வளவுக் கோயில் வாசலில நிண்டு படம் எடுத்தனாங்கள். அந்தப் படமும் வீட்டில இருக்கு. தங்கச்சி, ஏலுமெண்டால் உங்கட 7 நிமிசத்தில அப்பாச்சிக்கும் ஒரு நிமிசம் குடுங்கோ. பேர் தேவையில்லை.

ஏழாலை மாணவி:

ரீச்சர், அண்ணை, ஐந்துசந்தி அண்ணா, எல்லாருக்கும் நன்றி. கொக்குவில் அண்ணாவுக்கும்தான், 1915 பகுதியை நீங்கள் சொன்ன மாதிரியே வைக்கிறன். வடமராட்சி அண்ணை எழுதினதை அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். அவ ஒண்டும் சொல்லேல்ல. ஈரப் பாவாடை வந்த இடத்தில கையைக் காட்டி நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, கொஞ்சம் பொறுத்து "இனி வாசி" எண்டா.

பேச்சை திருப்பி எழுதிறன். கல்லூரியில தொடங்கி, பெட்டகத் திறப்புக்குப் போய், மறைப்புக்குள்ள நிண்ட அப்பாச்சியில முடிக்கலாம் எண்டு நினைக்கிறன். மாமாவுக்கும் சொல்லிப்போட்டன். "சரி, ஆனால் மரியாதையாய்ச் சொல்லு" எண்டார். ரீச்சர், ஒரு சந்தேகம். நினைவு நாளில அவர் எதிர்த்ததைச் சொல்லேக்க என்ன சொல்லைப் பாவிக்கிறது? "பிற்போக்குவாதி" எண்டு எழுதிப்போட்டு வெட்டிப்போட்டன்.

இணுவில் ரீச்சர்:

வெட்டியது நல்லது, பிள்ளை. "பழமை பேணியவர்" என்று சொல்லும். அவரே அதை மறுத்திருக்க மாட்டார். அவர் செய்ததைச் செய்ததாகச் சொல்லும், பட்டம் ஒன்றும் சூட்ட வேண்டாம். கேட்கிற சனத்துக்கு விளங்கும்.

இரண்டு இடத்தில் கவனம். "1931 இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தனர்" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதேயும், நடுவர்மாரில் யாராவது பிடிப்பார்கள். எங்கள் நாலு தொகுதிக்கும் அது 1934. மற்றது, பெண்களுக்கு 30 வயதில் வாக்கு என்றுதான் ஆணைக்குழு முதலில் எழுதியது, சட்டமாக வரும்போதுதான் 21 ஆனது. இந்த இரண்டையும் சிவப்புப் பேனையால் கீறி வையும்.

7 நிமிசத்துக்கு அளவாக எழுதும். எழுதியதும் ஒருக்கால் உரத்து வாசித்து மணிக்கூட்டைப் பாரும். அப்பாச்சி பகுதியை மட்டும் ஆறுதலாய்ச் சொல்லும், நேரம் போனாலும் பரவாயில்லை, 1921 ஐ வெட்டி விடலாம்.